மூன்றாமவரின் பங்கு: பொது நிறுவனங்களிற் பல்சமய வழிபாட்டிடம் குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியே புங்குடுதீவுக்குச் செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் வள்ளங்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன. நாகபூஷணி அம்பாளுக்கு நேர்த்திக்கடன் தீர்க்க வரும் சைவர், நாகதீப விகாரையை வழிபடத் தென்னிலங்கையிலிருந்து கூட்டமாக வந்திறங்கும் பௌத்தர், நெடுந்தீவுக் கத்தோலிக்கர், நயினாதீவுப் பள்ளிவாசலைச் சார்ந்த முஸ்லிம்கள், எவ்வழிபாட்டையும் நாடாது மருந்துப் போத்தலோடும் அரிசிப் பையோடும் வீடு திரும்பும் தீவுவாசிகள் ஆகிய யாவரும் ஒரே மேடையிற் காத்து நின்று, ஒரே வள்ளத்தில் நெருங்கியமர்ந்து கடலைக் கடக்கின்றனர். இறங்குதுறையில் வழிபாடெதுவும் நடைபெறுவதில்லை. ஆயினும், பல்சமயத்தவர் கூடும் பொதுவிடம் எது என வினவுவார்க்கு இந்நாட்டில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காட்டுதல் அரிது.

வைத்தியசாலை, பல்கலைக்கழகம், சிறைச்சாலை, விமானநிலையம் முதலான பொது நிறுவனங்களினுள் வழிபாட்டுக்கும் தியானத்துக்குமென ஓரிடத்தை அமைப்பது எவ்வாறு என்னும் வினா, கட்டடக்கலைஞரின் வரைபலகையோடு முடிந்துபோகும் வினாவன்று. நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து நகர வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட நோயாளியின் தாய், மாலை வள்ளமும் போய்விட்ட நிலையில், விறாந்தையில் இரவைக் கழிக்கிறாள் எனக் கொள்வோம். அவள் செபமாலை உருட்டுபவளாக இருக்கலாம். அம்பாளை நினைந்து தேங்காயொன்றை நேர்பவளாகவும் இருக்கலாம். அவளுக்கு அந்த இரவில் வேண்டுவது சமயங்களின் ஒற்றுமை பற்றிய சொற்பொழிவன்று. எவராலும் எழுப்பப்படாது, எவர்க்கும் இடைஞ்சலாகாது சிறிது நேரம் இருப்பதற்கோர் இடமேயாம். அவ்விடம் யாருடையது, அதன் திறப்பு யாரிடம் உள்ளது, அங்கு முன்னரே அமர்ந்திருப்பவர் யார் என்பனவே அவளைப் பாதிக்கும் வினாக்கள். பல்சமய வழிபாட்டிடங்களைப் பற்றிய எழுத்துக்களிற் பெரும்பாலானவை ஒளி, நிறம், வடிவம் என்பவற்றை விரிவாக ஆராய்ந்துவிட்டு, இவ்வினாக்களின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன.

இவ்வகை இடங்களுள் உலகப் புகழ் பெற்றது நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தில் உள்ள தியான அறை. செயலாளர் நாயகமாக விளங்கிய டாக் ஹமர்ஷெல்ட் தாமே முன்னின்று 1957இல் அதனை இன்றைய வடிவிற்கு மாற்றியமைத்தார். முன்னோக்கிக் குறுகிச் செல்லும் அவ்வறையின் நடுவே ஆறரைத் தொன் எடையுள்ள இரும்புத்தாதுப் பாறையொன்று கிடத்தப்பட்டுள்ளது; அதன்மேல் மெல்லிய ஒளிக்கற்றை விழுகின்றது; எதிர்ச்சுவரில் போ பெஸ்கோவ் வரைந்த அருவச் சுவரோவியம். எச்சமயத்தின் சின்னமும் அங்கு இல்லை. இரும்பிலிருந்து போர்க்கருவியையும் கலப்பையையும் மனிதன் செய்துகொண்டான் என்பதையும், அப்பீடம் வெறுமையாக இருப்பது இறைவன் இன்மையால் அன்று, பல பெயராலும் பல வடிவாலும் வழிபடப்படும் இறைவனுக்கு உரியதாதலால் என்பதையும் ஹமர்ஷெல்ட் விளக்கி எழுதியுள்ளார். கல்லை வழிபட்டுப் பழகிய நம்மவர்க்கு இவ்விளக்கம் எளிதிற் புரியும். நம்மவர் அக்கல்லைக் கண்டால் மூன்று நாளைக்குள் திருநீறு பூசிவிடுவர் என்பது வேறு விடயம்.

இவ்வறையின் நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், சின்னங்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது எல்லார்க்கும் பொதுவானது என்னும் அதன் அடிப்படை எடுகோள் ஆராயத்தக்கது. அமர்ந்து, பேசாது, முன்னே உள்ளதொன்றை நோக்கித் தனக்குள் ஒடுங்குவதே வழிபாடு என அவ்வறை கருதுகின்றது. வலம்வருதல், விழுந்து வணங்குதல், கால் கழுவுதல், பூவிடுதல், உரத்துப் பாடுதல், ஒரு திசையை நோக்கி வரிசையாக நிற்றல் ஆகிய யாவும் அவ்வறையின் இலக்கணத்துக்குப் புறம்பானவை. வெறுமை என்பதும் ஒரு சமயத்தின், குறிப்பாக வட ஐரோப்பியச் சீர்திருத்தக் கிறித்தவ மரபின், சாயலை உடையதே. சின்னமின்மை நடுநிலைமை அன்று. அது பிறிதொரு சின்னமாகும்.

மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஈரோ சாரினென் 1955இல் அமைத்த வட்டவடிவச் செங்கல் வழிபாட்டகம் கலையழகில் இதனை விஞ்சியது. சுற்றியுள்ள சிறு அகழியின் நீரிலே பட்டுத் தெறிக்கும் ஒளி உட்சுவரில் அலையாடுகின்றது. எச்சமயத்தவர்க்கும் உரியதென அது திறந்துவைக்கப்பட்டது. எனினும் மேலிருந்து ஒளி விழும் வெண்பளிங்குப் பீடமும், அதனை நோக்கி வரிசையாக இட்ட இருக்கைகளும், பெயர் மாற்றிக்கொண்ட ஒரு தேவாலயத்தையே காட்டுகின்றன. விருந்தினர் வந்தமரலாம், வீட்டின் அறையமைப்பு வீட்டுக்காரருடையது.

வெற்றறைக்கு மாற்றாக முன்வைக்கப்படும் மற்றைய முறை, ஒவ்வொரு சமயத்துக்கும் தனித்தனிக் கோயிலை ஒரே வளவில் அமைப்பதாகும். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டத்தில் இந்து ஆலயம், பௌத்த ஆலயம், கிறித்தவ ஆலயம், பள்ளிவாசல், பார்சியர் ஆலயம் என்பன மரங்களிடையே தனித்தனியே அமைந்துள்ளன. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் குடிபெயர்ந்த பேராதனை வளாகத்திலும் குறிஞ்சிக்குமரன் ஆலயம், விகாரை, கிறித்தவ ஆலயம், பள்ளிவாசல் என்பன உண்டு. இம்முறை வழிபாட்டின் தன்மையை அறிந்தது. பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்திக்கு நித்திய பூசை தவறலாகாது. அம்மூர்த்தியை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திரைநீக்கிக் காட்டிவிட்டு மற்றைய நாள்களில் அலுமாரியில் வைக்க முடியாது. ஆதலால் தனிக்கோயில் என்பது சைவனுக்கு ஆடம்பரமன்று, விதி. ஆனால் இவ்வமைப்பில் ஒரு சமயத்து மாணவன் நான்காண்டுகள் பயின்று பட்டம் பெற்றுச் செல்லும்போது, மற்றைய சமயத்தாரின் வாயிலிற் செருப்பைக் கழற்றிய அனுபவம் ஒருமுறையேனும் இல்லாமற் போகலாம். அயலில் இருத்தலும் அயலவராய் இருத்தலும் ஒன்றல்ல. மேலும் வைத்தியசாலைக்கோ சிறைச்சாலைக்கோ பேராதனைக் குன்றுகள் வாய்ப்பதில்லை.

இலங்கையில் நடைமுறையிற் காணப்படும் மூன்றாவது முறையொன்றும் உண்டு. அது எக்கட்டடக்கலை நூலிலும் இடம்பெறாதது. நிறுவனம் பொதுவானது, அதன் முற்றத்திற் புத்தர் சிலையோ அரசமரமோ இருக்கும், மற்றையோர்க்கு இடம் கேட்கும் உரிமை உண்டு. 1972ஆம் ஆண்டின் அரசியல் யாப்பில் ஆறாம் பிரிவும், 1978ஆம் ஆண்டின் யாப்பில் ஒன்பதாம் உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்தமை சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. அது முற்றங்களின் அமைப்பாகவும் வடிவெடுத்தது. சர்வமதப் பிரார்த்தனை எனப்படும் அரச வைபவங்களில் நான்கு சமயத்துக் குருமாரும் எவ்வொழுங்கில் அழைக்கப்படுகின்றனர் என்பதைக் கவனிப்போர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. வடக்கிலும் நிலைமை முற்றிலும் வேறன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலுள்ள பரமேஸ்வரன் ஆலயம், 1974இல் அங்கு பல்கலைக்கழக வளாகம் நிறுவப்படுவதற்கு முன்னரே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் தோற்றுவித்த பரமேஸ்வராக் கல்லூரியின் உடைமையாய் நின்றது. அவ்வரலாறு அதற்குரிய நியாயத்தைத் தருகின்றது. ஆயினும், பெரும்பான்மையினர் எங்கும் தமது இருப்பை வரலாறு என்றும், சிறுபான்மையினரின் இருப்பைக் கோரிக்கை என்றும் காண்பர் என்பதற்கு யாழ்ப்பாணத்தவரும் விலக்கல்லர்.

இந்நிலையில், இம்மூன்று முறைகளுக்கும் அப்பால் எண்ணுவதற்கு இத்தீவுகளின் பழைய கதைகளே துணைசெய்கின்றன. இங்கு வழிபாட்டிடம் பிணக்கொன்றின் தீர்விலிருந்தே தோன்றியதாகச் சொல்லப்படுகின்றது. மகாவம்சத்தின்படி, மணியாசனம் ஒன்றின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், போருக்கெழுந்தனர். புத்தர் நாகதீபத்துக்கு எழுந்தருளி அப்போரைத் தவிர்த்தார். தமக்கு அளிக்கப்பட்ட ஆசனத்தை நாகர்களின் வழிபாட்டுக்கென அங்கேயே விட்டுச்சென்றார். மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவத்தில் இதே நிகழ்ச்சியைக் கூறுகின்றது. மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வாரும், யாழ்ப்பாணக் குடாநாடு எனக் கொள்வாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டற்பாலதன்று. கவனிக்கத்தக்கது சாத்தனார் செய்துள்ள நுண்ணிய வேறுபாடு. அவர் காப்பியத்தில், பிணங்கி நின்ற இருவரையும் விலக்கும் புத்தர், அவ்வாசனம் தம்முடையதே என உரைத்து அதில் அமர்ந்து அறம் பகர்கின்றார். அடியார்க்கு இது பெருமையாகத் தோன்றும். இலக்கிய மாணவனுக்கோ இது ஒரு வினாவை எழுப்பும்: நடுவர் ஆசனத்தில் அமரலாமா?

அம்பாள் ஆலயத்தின் கதையிலும் ஒரு பிணக்கு உண்டு. ஒரு நடுவரும் உண்டு. அம்பாளின் பூசைக்கெனப் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறிக்க, நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது; கருடன் எதிரேயுள்ள பாறையில் அமர்ந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காகக் கருடனை இரந்தான். அம்பாளுக்கு ஆலயம் எழுப்புவதாயின் நாகத்தை விடுவதாகக் கருடன் உடன்பட்டது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரண்டு பாறைகள் இன்றும் காட்டப்படுகின்றன. இங்கு நடுவன் வழிப்போக்கன். ஆசனத்தில் அவன் அமரவில்லை. தீர்வின் செலவை அவனே ஏற்றுக்கொண்டான்.

மூன்றாவது, கதையன்று, கல்வெட்டு. அம்பாள் ஆலயத்தில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு வழங்கப்படல் வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலங்கள் உடைந்தால் அரச பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவனுக்கு முக்காற்பங்கு. பிற சரக்குக் கப்பல்கள் உடைந்தால் இருபாலார்க்கும் சரிபாதி. பௌத்த மன்னன் தமிழிலே பிறநாட்டவர்க்கு அளித்த வாக்குறுதி, இன்று ஒரு சைவ ஆலயத்தில் உள்ளது. இதனைச் சமய ஒற்றுமையின் சான்றாகக் காட்டி மகிழ்வோர் உளர். அவ்வளவில் நிற்பின் சாசனத்தின் சிறப்பை இழந்துவிடுவோம். மன்னன் தனக்கு ஒன்றும் வேண்டாமெனச் சொல்லவில்லை. கப்பல் உடையுமுன்னரே தன் பங்கு எவ்வளவு என்பதைக் கல்லில் எழுதிவைத்தான். கரையொதுங்கியவன் இரக்கத்தை நம்பி நிற்கவேண்டியதில்லை, கல்லைக் காட்டலாம்.

ஆசனத்தில் தானே அமரும் நடுவர், கொடுத்துவிட்டுப் போகும் நடுவர், தன் பங்கை முன்கூட்டியே எழுதிவைக்கும் நடுவர் என இவை அமைகின்றன. பொது நிறுவனத்திற் பல்சமய வழிபாட்டிடம் அமைக்கப்படும்போது இந்த மூன்றாமவர் நிறுவனத்தின் நிருவாகமே. அவ்விடத்தை மதிப்பிடுவோர் சுவரில் என்ன உள்ளது என்பதை ஆராயுமுன், மூன்றாமவர் எடுத்துக்கொண்ட பங்கு எவ்வளவு, அஃது எங்கே எழுதப்பட்டுள்ளது என்பனவற்றைக் கேட்டல் வேண்டும்.

இவ்வினாவை அறிந்து ஒரு மண்டபத்தை அமைத்தவர் தமிழகத்திலே ஒருவர் உளர். இராமலிங்க வள்ளலார் வடலூரில் 1872இல் நிறுவிய சத்திய ஞானசபை எண்கோண வடிவினது. அதில் உருவமில்லை; ஏழு நிறத் திரைகளுக்கு அப்பால் ஒளி. ஐக்கிய நாடுகள் சபையின் அறைக்கு எண்பத்தைந்து ஆண்டுகள் முற்பட்ட இவ்வொளிமண்டபத்தைப் பாராட்டுவோர் திரைகளின் தத்துவத்தைப் பேசுவர். சபையின் ஒழுங்குவிதிகளைப் பேசுவோர் குறைவு. தூசு துடைத்து விளக்கிட உட்புகுவோர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவோ இருத்தல் வேண்டும். சபையின் திறவுகோல் எவரொருவர் கையிலும் வெளிப்பட இருத்தலாகாது, வேறொரு பெட்டியினுள் வைத்துப் பூட்டப்படல் வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகள். அதிகாரத்தின் வயதில் உள்ளவர்களையே வள்ளலார் கருவறைக்கு வெளியே நிறுத்திவிட்டார். இதனினும் கூரிய கட்டடக்கலை விமரிசனம் தமிழில் உண்டோ என்பது ஐயமே. ஆனாற் காலப்போக்கில் அங்கேயும் சிவலிங்க வழிபாடு புகுந்தது. 2006இல் அறநிலையத்துறை அதனை நிறுத்துமாறு ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது. வெற்றிடம் தானாக வெற்றிடமாய் இருப்பதில்லை. எழுதப்பட்ட விதி ஒன்று இருந்தமையாலேயே, நூற்றாண்டு கடந்த பின்னரும் வழக்காட முடிந்தது.

ஞானசபைக்கு ஐந்தாண்டு முன்னரே, 1867இல், வடலூரில் தருமச்சாலை தொடங்கப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. முதலில் அடுப்பு; பின்னர் விளக்கு. மணிபல்லவத்தில் மணிமேகலை பெற்றதும் போதனை மட்டுமன்று, அமுதசுரபியுமாகும். அவள் அப்பாத்திரத்தோடு புகுந்த உலக அறவி, குருடரும் முடவரும் நோயாளரும் சமயம் வினவப்படாது தங்கிய பொது மண்டபம். பிறகு அவள் அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். பொது நிறுவனம் ஒன்றினுள் அறத்துக்கு இடம் கேட்ட முதலாவது விண்ணப்பம் தமிழில் இதுவே எனலாம். அவள் தனியறை கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நயினாதீவில் யாத்திரிகர்க்கு உணவளிக்கும் அன்னதான மடம் அமுதசுரபியின் பெயரையே தாங்கியுள்ளது. சமயவாதிகள் ஆசனத்தின் கதையையே எடுத்துச் சொல்கின்றனர். ஊர்மக்கள் பாத்திரத்தின் பெயரை எடுத்துக்கொண்டனர்.

யாழ்ப்பாணத்து மரபில் இத்தகைய பொதுவிடத்துக்கு ஓர் உருவம் ஏற்கெனவே உண்டு. அதுவே தெருமடம். கூரையிட்ட திண்ணை, அருகே கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக்கல் என்பன சேர்ந்த அவ்வமைப்பு, வழிபாட்டிடத்துக்குரிய அடக்கத்தையும் பொதுவிடத்துக்குரிய திறந்த தன்மையையும் ஒருங்கே கொண்டது. பூட்டுவதற்குக் கதவு அதற்கு இல்லை. ஆயினும் மடத்தைப் புகழ்ந்து எழுதுவோர் ஒன்றை மறைத்தலாகாது. அத்திண்ணையும் கேணியும் ஊரில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் எக்கிணற்றில் அள்ளலாம், எத்திண்ணையில் இருக்கலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தது. தன் சமயத்தவனையே வாயிலில் நிறுத்திய சமூகம், பிற சமயத்தவர்க்கு அறையமைப்பது பற்றி உரையாடுமுன் தன் கிணற்றடியை நினைத்துப் பார்ப்பது நன்று. கதவில்லாத கட்டடத்துக்கும் காவலாளிகள் உண்டு.

இவற்றை மனத்திற்கொண்டு, தீவகத்தின் வைத்தியசாலையொன்றிலோ இறங்குதுறைத் தங்குமண்டபத்திலோ அமையக்கூடிய ஓரிடத்தைக் கற்பனை செய்வது பயனற்றதாகாது. முதலாவது தேவை நீர். சுண்ணாம்புக்கற் பாறைமேல் அமைந்த இத்தீவுகளில் நன்னீர் அருமையானது. ஆதலால் நீர் வைத்தல் இங்கு அறமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கால்கழுவும் சைவனுக்கும், தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவும் முஸ்லிமுக்கும், வாடாத பூவைத் தட்டிலிட விரும்பும் பௌத்தனுக்கும், தாகத்தோடு வந்தவனுக்கும் வாயிலில் ஒரே நீர்க்குழாயும் இருந்து கழுவ ஒரு தாழ்ந்த கட்டும் போதும். செருப்பைக் கழற்றும் பழக்கம் இந்நாட்டில் ஏறக்குறைய எல்லார்க்கும் பொது. நியூயோர்க்கிலும் மசாச்சுசெற்ஸிலும் இல்லாத இந்த வசதியை நம் கட்டடக்கலைஞர் பயன்படுத்துவதில்லை. வாயிற்படியே நமது பல்சமய மண்டபத்தின் பாதி. உள்ளே நிலம் வெறுமையாக, விழுந்து வணங்கத்தக்கதாக இருத்தல் நன்று. முதியோர்க்குச் சுவரோரம் திண்ணை. மக்கா இங்கிருந்து மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து அமைகின்றது. எனவே மேற்குச் சுவரில் உருவமெதுவும் வேண்டியதில்லை. சைவன் கிழக்கையும் வடக்கையும் விரும்புவான். அச்சுவர்களில் விளக்குமாடம் இருக்கலாம். திசையைப் பொறுத்தவரை சமயங்கள் பிணங்குவதைவிட ஒதுங்கிக்கொள்வதே அதிகம் என்பதை வரைபடத்தை வரையத் தொடங்கும் எவரும் கண்டுகொள்வர்.

ஒலி இதனினும் கடினமானது. மணியோசையும் பாங்கும் பிரித்தும் பாடற்பூசையும் நோயாளியின் உறக்கமும் ஒரே கூரையின்கீழ் இணங்குவன அல்ல. ஒலிபெருக்கி கூடாது என்பது எளிதான விதி, நிறைவேற்றுவது கடினம். பிரதிஷ்டை செய்த மூர்த்தி கூடாது என்பதும் விதியாதல் வேண்டும். அது எச்சமயத்துக்கும் எதிரானதன்று, மூர்த்திக்குச் செய்யும் மரியாதையே. இவ்விதிகளைச் சைவருக்கு ஒருவாறும் பௌத்தருக்கு ஒருவாறும் நடைமுறைப்படுத்தும் நிருவாகம், ஆசனத்தைத் தனதெனச் சொல்லி அமர்ந்துவிட்டது எனவே கொள்ளல் வேண்டும். திறப்பு யாரிடம் என்பதற்கு வடலூர் விடை தருகின்றது. இரவில் திறந்திருக்குமா என்பதற்கோ வடலூரிலும் விடையில்லை. இரவுக் கடமையில் இருக்கும் சிற்றூழியரின் விருப்பு வெறுப்புக்கு அதனை விட்டுவிடாது, கதவே இல்லாமற் கட்டுதல் சிறந்தது. கூட்டிப் பெருக்குவோர் யார் என்பதும் வரைபடத்திலேயே எழுதப்படவேண்டிய செய்தியாம். எழுதப்படாதவிடத்து, அவ்வேலை எச்சாதியார்மேல் வந்து விழும் என்பதை யாழ்ப்பாணத்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வாறெல்லாம் அமைத்த பின்னரும் ஓரிடம் நிரம்பாமலே இருக்கக்கூடும். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குச் சில மணிநேரமே அவகாசம் தரப்பட்டது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. மீண்டு வந்தோர் தொகை சென்றோர் தொகைக்கு ஈடாகவில்லை. அந்நிகழ்ச்சியின்போது யாழ்ப்பாணத்துப் பொது நிறுவனங்கள் எதனையும் தடுக்க முடியவில்லை என்பதை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். பின்னரும் நெடுங்காலம் தமிழ்ப் புலமையுலகம் அதுபற்றிப் போதியளவு பேசாமைக்குக் காரணம் கூறுதல் அத்துணை எளிதன்று. மேற்குச் சுவரை வெறுமையாக விடவேண்டும் என வரைபடத்திற் குறிக்கும்போது, அச்சுவரை நோக்கி நிற்கவேண்டியவர்கள் எங்கே உள்ளனர் என்ற வினாவும் அங்கே குறிக்கப்படுகின்றது. நான்கு சின்னங்களை வரிசையாகப் பொறித்த பலகையொன்றைத் தொங்கவிட்டுச் சமத்துவத்தைக் காட்டும் மண்டபங்களுக்கு இவ்வினா எழுவதில்லை. சின்னம் இருந்தால் மக்கள் இருப்பதாகவே அவை கொள்கின்றன. பலகை இல்லாத சுவரின் முன் ஆளில்லாமை கண்ணுக்குத் தெரியும்.

குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருப்போர் தமக்குள் ஓர் ஒழுங்கை வைத்துள்ளனர். வயோதிபருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் வழிவிடுகின்றனர். சுமைகளைக் கைமாற்றி உள்ளே இறக்குகின்றனர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அம்பாளையும் அந்தோனியாரையும் புத்தரையும் அவரவர் வாய்க்குள் அழைத்துக்கொள்கின்றனர். அம்மேடையில் எவரும் அமர்ந்துவிட முடியாது. வள்ளம் வந்ததும் எழுந்து போகவேண்டும். சமய ஒற்றுமைக்கெனத் திட்டமிடப்படாத அம்மேடையை அளந்து, அதன் நிழல் எவ்வளவு, இருக்கை எத்தனை, குடிநீர் உண்டா என முதலில் குறித்துக்கொள்ளும் கட்டடக்கலைஞர், வைத்தியசாலை விறாந்தையில் இரவைக் கழிக்கும் நெடுந்தீவுத் தாய்க்கு வேண்டிய அறையின் வரைபடத்தைத் தொடங்கிவிட்டவராவார்.